அம்மாவின் பல்லும் பூச்சிய வழுவும்

கல்லூரியில் நாம் பௌதிகம் கற்பிக்கத் தொடங்கி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. உயர்தர வகுப்புக்குப் புதிதாக வரும் மாணவர் கையில் நாம் முதன்முதலாகக் கொடுக்கும் கருவி வேணியர் இடுக்கிமானி. அதற்கடுத்தது நுண்மானித் திருகுக் கணிச்சி. இரண்டிலும் நாம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: "பூச்சிய வழு எவ்வளவு?" கருவியின் இரு தாடைகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கையில் அளவு பூச்சியத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிடின் அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, பின்னர் எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் அதைத் திருத்த வேண்டும். இதைக் குறிக்க மறந்த மாணவனுக்கு, மற்றவையெல்லாம் சரியாயிருந்தாலும், இரண்டு புள்ளிகள் குறைப்பது எம் வழக்கம். இதன் காரணமாக எமக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. அது எமக்குத் தெரியாதென்று மாணவர்கள் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தகைய நாம், சென்ற ஆண்டு கண்டியில் ஒரு பல் வைத்தியரின் அறையில் நின்றுகொண்டு, "ஒரு மயிரிழை வித்தியாசந்தானே டொக்டர், இதை வைத்தே முடித்துவிடக் கூடாதா?" என்று கேட்டோம். கேட்டது எம் தாயாரின் பற்களைப் பற்றி.

எம் தாயார் கந்தப்பளையில் இருக்கிறார். நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் பாதையில், ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், ஒருபுறம் தேயிலையும் மறுபுறம் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திகளுமாக அமைந்த ஊர் அது. அங்குள்ள ஒரு தோட்டத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கொழுந்து பறித்து எம் மூவரையும் படிக்க வைத்தவர் அவர். நாம் கல்லூரி ஆசிரியரான பின்னும் தோட்டத்தை விட்டு வர அவர் இணங்கவில்லை. லயத்துக்குப் பின்னால் அவர் வைத்த நாலு பாத்திக் கோவாவை யார் பார்ப்பது என்பது அவர் கேள்வி. விடுமுறை தோறும் நாமே அங்குப் போய் வருவோம்.

வெற்றிலையும் முரசு நோயும் சேர்ந்து அவர் பற்களை ஒவ்வொன்றாகக் கொண்டு போயின. அறுபத்தைந்து வயதுக்குள் கீழ்த்தாடையில் ஒரு பல்லும் எஞ்சவில்லை. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் அவரிடம் அப்படியே இருந்தது. போனது ரொட்டிதான். தோட்டத்து வீடுகளில் காலைச் சாப்பாடு தேங்காய்ப்பூ சேர்த்துத் தட்டிய ரொட்டியும் அம்மியில் அரைத்த சம்பலும் என்பதை மலைநாட்டார் அறிவர். அந்த ரொட்டியை அவர் சாயத் தண்ணியில் ஊறவைத்து விழுங்கத் தொடங்கினார். பின்னர் அதுவும் நின்றது. நாம் போகும் நாட்களில் எமக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு, தாம் முன்னமே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வார்.

பத்து ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஒரு கட்டுப்பல் செய்வித்தோம். அதில் எம் பிழை இருக்கிறது, சொல்லிவிடுகிறோம். பேராதனையில், 1954 தொடக்கம் நாட்டின் பல் வைத்தியர்கள் பயின்று வந்த இடம் இருக்கின்றது; அங்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். நாமோ ஒரு நாளில் முடியும், செலவும் குறைவு என்று கேள்விப்பட்டு, வைத்தியர் அல்லாத ஒருவரிடம் கொடுத்தோம். அவர் ஏதோ ஒரு மெழுகைச் சூடாக்கி வாயில் அழுத்தி எடுத்தார்; மாலையில் பல் வந்தது. பேசினால் மேலெழும்பும், மென்றால் முரசை வெட்டும். தாயார் அதைக் குறை கூறவேயில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அணிந்து செல்வார். பிரசாதம் வாங்கியதும் திரும்பி நின்று கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வார். மற்ற நாட்களில் அது ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது.

கீழ்த்தாடைக் கட்டுப்பல் நிலைத்து நிற்பது யாருக்குமே கடினம். மேலே அண்ணம் முழுதும் பரந்து ஒட்டிக்கொள்ள இடமுண்டு. கீழே நாக்கு உதைத்துக்கொண்டேயிருக்கும், முரசெலும்பும் ஆண்டுக்காண்டு தேயும். ஆகவேதான் இப்போது தாடையெலும்பில் தைத்தேனிய உலோகத் திருகுகளைப் பதித்து, அவற்றின் மேல் பல்லைப் பொருத்தும் முறை பரவி வருகின்றது. இம்பிளான்ட் என்பர். நாம் இங்கே பதியம் என்று சொல்லிக்கொள்வோம்; தேயிலைத் தவறணையில் வளர்ந்தவர்களுக்கு அச்சொல் எளிதில் விளங்கும்.

இது பிறந்த கதை மாணவர்க்குச் சுவையானது. சுவீடன் நாட்டில் பேர்-இங்வார் பிரானிமார்க் என்னும் ஆராய்ச்சியாளர் 1952ஆம் ஆண்டளவில் முயலின் கால் எலும்புக்குள் இரத்தம் எவ்வாறு ஓடுகிறதென்று பார்ப்பதற்குத் தைத்தேனியத்தாலான சிறு குழாய் ஒன்றைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தபோது அது வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றிப் போயிருந்தது. கருவி வீணாயிற்றே என்று வருந்திவிட்டு வேறு வேலை பார்க்காமல், ஏன் ஒட்டியது என்று அவர் யோசித்தார். 1965இல் கோத்தன்பர்க் நகரில் கொஸ்தா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாகப் பதியம் வைத்தார். லார்சன் 2006இல் காலமாகும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவை அவர் வாயில் உறுதியாக நின்றன.

தம்பி வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினான். தங்கை தன் சீட்டுப் பணத்தைத் தந்தாள். மீதியை நாம் போட்டோம். கண்டியில் ஓர் இளம் பெண் வைத்தியர். அவர் முதலில் பார்த்தது தாயாரின் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும். நெடுங்காலம் வெற்றிலை போட்ட வாயில் புற்றுநோயின் அறிகுறி இல்லை என்று உறுதி செய்த பின்னரே பல்லைப் பற்றிப் பேசினார். வெற்றிலையை விடச் சொன்னார். தாயார் விட்டார், பெரும்பாலும்.

கீழ்த்தாடையின் முன்பகுதியில் நான்கு பதியங்கள். எலும்போடு ஒன்ற மூன்று மாதம் பொறுக்க வேண்டுமென்றதும் தாயார் தலையசைத்தார். "கண்டு நட்டா வேர் பிடிக்கணும்ல" என்றார். அதன் பின்னர் நான்கையும் இணைத்து ஓர் உலோகச் சட்டம் திருகப்படும். சட்டத்தின் மேல் பல் வரிசை கவ்விக்கொள்ளும். கழற்றிக் கழுவலாம், தானாகக் கழலாது.

இனித்தான் எம் கதைக்கு உரிய இடம் வருகின்றது. அந்தச் சட்டத்தை வாயில் வைத்துச் செய்ய முடியாது, வேலைக்கூடத்தில்தான் செய்வார்கள். ஆகவே வாயில் உள்ள நான்கு பதியங்களும் எந்த இடத்தில், எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழத்தில் நிற்கின்றனவோ அப்படியே ஒரு சாந்து மாதிரியில் நிற்க வேண்டும். இதற்காக எடுப்பதே அச்சு.

பல்லுக்கு அச்செடுப்பது புதிதல்ல. 1756இல் பிரஷ்ய மன்னரின் பல் வைத்தியர் பிலிப் பாஃப் மெழுகில் அச்செடுக்கும் முறையை எழுதி வைத்தார். எம் தாயாருக்குக் கட்டுப்பல் செய்தவரும் அதே நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்றே கொள்ளலாம். பின்னர் பாரிஸ் சாந்து வந்தது. சூட்டில் இளகும் பசைக்கட்டி வந்தது. 1920களில் கடற்பாசியால் அச்செடுக்கக் கற்றார்கள். ஆம், நம் வீடுகளில் பாலும் சீனியும் கலந்து காய்ச்சி ஆறவைத்துத் துண்டுபோடும் அதே கடற்பாசிதான். வளைந்து நிமிரும் தன்மை அதற்கு இருந்தமையால், பல்லின் வளைவுகளில் மாட்டிக்கொள்ளாமல் கழன்று வந்தது. இரண்டாம் உலகப் போரில் யப்பானிலிருந்து கடற்பாசி வருவது நின்றதால், மேல்நாட்டார் வேறொரு பாசியினத்திலிருந்து அல்ஜினேட் என்னும் பொடியை ஆக்கிக்கொண்டார்கள். அது மலிவு, நீரில் குழைத்தால் சில நிமிடத்தில் உறையும். ஆயின் அதன் உடல் பெரும்பாலும் நீரே. வெளியில் வைத்தால் நீர் வற்றிச் சுருங்கும். நீரில் போட்டால் உறிஞ்சி ஊதும். எடுத்த சூட்டோடு சாந்து ஊற்றிவிட வேண்டும். தாயாருக்கும் முதல் நாள் பொது மாதிரிக்காக இதில்தான் அச்செடுத்தார்கள். மிளகுக்கீரை வாசம் வீசியதாம், "திங்கிற சாமானா தம்பி?" என்று எம்மைக் கேட்டார்.

பதியத்துக்கு அது போதாது. 1960களின் நடுப்பகுதியில் பல் வைத்தியத்துக்கு வந்த பொலியீதர், அடுத்த பத்தாண்டில் வந்த கூட்டுமுறைச் சிலிக்கோன் ஆகிய இரண்டுமே இன்று பெரிதும் பயன்படுகின்றன. இரண்டும் உறைந்த பின் மிகச் சிறிதே சுருங்கும். பொலியீதர் விறைப்பானது, தன்னுள் அகப்பட்ட உலோகத் தண்டை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த விறைப்பே வாயிலிருந்து கழற்றும்போது தொல்லையும் தரும்.

எத்தனை பேர் இதையறிவரோ தெரியாது. இயற்கைப் பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. இடையில் மெல்லிய நார்ப்படலம் ஒன்று தொட்டில் கயிறு போல் அதைத் தாங்குகின்றது. அழுத்தினால் பல் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு வரை அசைந்துகொடுக்கும். ஆகவே பல்லின் மேல் வைக்கும் மூடி சிறிது பிசகினாலும் பல் இணங்கிப்போகும். பதியத்துக்கு அந்த நார்ப்படலம் இல்லை. அது அசைவது மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவே. அதுவும் எலும்பின் நெகிழ்ச்சியால். நான்கு பதியங்கள் ஓரிடத்தில் நிற்க, சட்டத்தின் துளைகள் சற்றே வேறிடத்தில் இருந்தால் யார் இணங்குவது? திருகை இறுக்கினால் சட்டம் பலவந்தமாக அமர்ந்துவிடும். பார்ப்பவர் பொருந்திவிட்டது என்பர். ஆனால் அந்தப் பிடிவாதம் திருகினுள்ளும் சட்டத்தினுள்ளும் ஒளிந்திருந்து, நாளும் மெல்லும்போது வேலை செய்துகொண்டேயிருக்கும்.

கந்தப்பளையாருக்கு இது புதுப் பாடமன்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக 1904 தொடக்கம் இராகலை வரை ஒரு சின்ன ரயில் ஓடியது. பிரதான பாதையின் தண்டவாள அகலம் ஐந்தரை அடி. இதன் அகலம் இரண்டரை அடி. தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றையும் நானுஓயாவில் இறக்கி மறு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. 1940களில் அந்தப் பாதை மூடப்பட்டது; பாட்டனார் காலத்தவர்கள் அதைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ரயிலென்றால் பெட்டியை இறக்கி ஏற்றலாம். தாடையில் அதற்கு வழியில்லை.

அச்செடுத்த நாளன்று உடனிருந்து பார்த்தோம். நான்கு பதியங்களின் மேலும் நான்கு உலோகத் தண்டுகளைத் திருகினார் வைத்தியர். தண்டுகளுக்கிடையே பல்லிடை நூலைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் தானே உறையும் பிசினைத் தூரிகையால் பூசி, நான்கையும் ஒரே வேலியாக்கினார். பின்பு மேலே துளையிட்ட தட்டு ஒன்றில் பொலியீதரை நிரப்பி வாயில் அமர்த்தினார். தண்டுகளின் திருகுத் தலைகள் துளை வழியே எட்டிப்பார்த்தன. உறைந்ததும் அத்திருகுகளைத் தளர்த்தித் தட்டை எடுக்க, தண்டுகள் அச்சினுள்ளேயே புதைந்தபடி வெளியே வந்தன. இதைத் திறந்த தட்டு முறை என்கிறார்கள். மற்றது மூடிய தட்டு முறை. அதில் தண்டுகள் வாயிலேயே நின்றுவிடும், பின்னர் கழற்றி அச்சிலுள்ள குழிகளில் கையால் செருக வேண்டும். வாய் அதிகம் திறக்க முடியாதவர்களுக்கு அது வசதி. ஒன்றிரண்டு பதியங்களாயின் இரு முறைக்கும் பெரிய வேற்றுமை இல்லை என்றும், நான்கு அதற்கு மேலாயின் திறந்த தட்டும் தண்டுகளைப் பிணைத்தலுமே நல்லதென்றும் ஆய்வுகளில் பல சொல்கின்றன. எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் வைத்தியரே சொன்னார். அவர் மேல் எமக்கு மதிப்பு ஏற்பட்டது அப்போதுதான்.

தாயார் சொன்ன சொல்லுக்கு மேலாகவே வாயைத் திறந்து வைத்திருந்தார். "அம்மா, அவ்வளவு வேண்டாம், கொஞ்சமாகத் திறந்தால் போதும்" என்றார் வைத்தியர். வாயை அகலத் திறக்கும்போது கீழ்த்தாடை எலும்பே சற்று உள்நோக்கி வளையுமாம். பின்பற்கள் பக்கம்தான் அது கூடுதல். முன்பக்கம் மிகக் குறைவு. அளக்கப்படும் பொருளே அளவெடுக்கையில் வளைகின்றதென்றால் எம் வகுப்பு மாணவர்கள் பாடு தேவலை என்று எண்ணிக்கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் போனோம். கந்தப்பளையில் இருட்டோடு புறப்பட்டு, நுவரெலியாவில் பஸ் மாறி, இறம்பொடை வளைவுகளில் தாயாருக்கு இருமுறை தலைசுற்றி, புசல்லாவை, கம்பளை கடந்து கண்டி சேரப் பதினொரு மணியாகிவிட்டது. அன்று சட்டத்தைத் தருவார்கள் என்று நாம் எண்ணியிருந்தோம். வைத்தியர் எடுத்துக் காட்டியதோ வெண்ணிறச் சாந்தினால் செய்த ஒரு மெல்லிய வளைவு. மாதிரியின் மேல் செய்த சோதனைச் சட்டம் அது. "உலோகத்தை வார்க்கு முன் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும், சேர்" என்றார்.

வாயில் வைத்து ஒரு திருகை மெல்ல இறுக்கினார், இரண்டாவதை இறுக்கினார். மூன்றாவதில், "டிக்" என்று ஓர் ஓசை. தாயார் கண்ணை மூடித் திறந்தார். சாந்து பிளந்துவிட்டது.

உலோகம் வளைந்துகொடுத்துப் பொய் சொல்லும். பிசினும் ஓரளவு வளையும். சாந்துக்கு வளையத் தெரியாது. பொருந்தாவிட்டால் உடைந்து உண்மையைச் சொல்லிவிடும். அதற்காகவே அதைத் தேர்ந்திருக்கிறார்கள். மாதிரியில் பொருந்திய சட்டம் வாயில் பிளக்கிறதென்றால் மாதிரியும் வாயும் ஒன்றல்ல. மறுபடி அச்செடுக்க வேண்டும் என்றார் வைத்தியர்.

அப்போதுதான் நாம் அந்தக் கேள்வியைக் கேட்டோம். அன்று எமக்கு விடுமுறையில்லை. அரைநாள் கடனாகப் பெற்று வந்திருந்தோம். தாயாருக்கு இன்னொரு முறை அந்த வளைவுகள்; எமக்கு இன்னொரு முறை விடுப்புக் கடிதம். "எவ்வளவு பிசகு டொக்டர்?" என்றோம். "சரியாகச் சொல்ல முடியாது, சேர். ஒரு தலைமயிரின் தடிப்பு இருக்கலாம்." தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர். எம் வேணியர் இடுக்கிமானிக்குக்கூட அகப்படாத அளவு. ஆகவேதான் அப்படிக் கேட்டோம்.

அவர் கோபிக்கவில்லை. எங்கே பிழைத்திருக்கலாம் என்று விரலை மடித்துச் சொன்னார். தண்டு ஒன்றின் அடியில் முரசு சிறிது நெரிந்து, அது முழுதாக அமராதிருந்திருக்கலாம். பிசின் உறைகையில் சுருங்கித் தண்டுகளை இழுத்திருக்கலாம். தட்டு மெல்லியதாய் நெளிந்திருக்கலாம். வேலைக்கூடத்தில் பதியத்தின் போலியைத் தண்டில் திருகுகையில் தண்டே சற்றுத் திரும்பியிருக்கலாம். கடைசியில் மாதிரிச் சாந்து உறையும்போது விரியும். நல்ல சாந்தாயினும் நூறில் பத்திலொரு பங்கு வரை. நான்காம் பதியம் முதலாவதிலிருந்து 30 மில்லிமீற்றர் தள்ளி இருந்தால் அந்த விரிவு மட்டுமே 0.03 மில்லிமீற்றர். இவற்றில் எதையும் தனியே பிடித்துக் குற்றஞ்சாட்ட முடியாது. எல்லாம் கூடியும் இருக்கலாம், ஒன்றையொன்று ஈடுசெய்தும் இருக்கலாம்.

"எவ்வளவு பிசகு பொறுக்கலாம் என்று ஓர் எல்லை இல்லையா?" என்றோம் விடாமல். உண்டாம், ஒன்றல்ல. பிரானிமார்க் மில்லிமீற்றரின் நூறில் ஒன்றுதான் என்றார். பின்வந்தோர் அதன் பதினைந்து மடங்கு வரை பொறுக்கலாம் என்றார்கள். பிசகினால் எலும்பு கரையும் என்று உறுதியாகச் சொல்ல ஆய்வுகள் போதவில்லை. ஆனால் திருகு தளர்வதும், முறிவதும், சட்டம் வெடிப்பதும் கண்ட உண்மைகள். "வலி இருக்காது சேர். அதுதான் ஆபத்து. மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் ரொட்டி கடிக்கும்போது திருகு உள்ளே முறிந்தால், எலும்பில் ஒன்றிய பதியத்துக்குள்ளிருந்து அந்தத் துண்டை எடுப்பது எளிதல்ல."

நாம் மறுமொழி தேடிக்கொண்டிருக்கையில், நாற்காலியில் சாய்ந்திருந்த தாயார் எழுந்து உட்கார்ந்தார்.

"மடுவத்துல தராசு ஒரு கிலோ கொறைச்சுக் காட்டினா, அன்னைக்கி யாருக்கும் நோகாது தம்பி. சம்பளத்தன்னிக்குத்தான் நோகும்" என்றார். பின்பு வைத்தியரைப் பார்த்து, "நீங்க திரும்ப எடுங்க டொக்டரம்மா. நான் வாயைக் கொஞ்சமாத் தொறக்கிறேன்."

மலைநாட்டுக்கு வெளியே உள்ள வாசகர்களுக்கு இது விளங்காது. பறித்த கொழுந்தை மடுவத்தில் நிறுத்துக் கணக்கில் பதிவார்கள். குறித்த நிறைக்குக் கீழே போனால் அன்று அரைப்பேர், பாதிச் சம்பளம். கூடைக்கும் சாக்குக்கும், மழை நாளில் ஈரத்துக்கும் என்று சில கிலோ கழிப்பார்கள். கழிப்பது நியாயமான அளவா என்ற வழக்கு மலைநாட்டில் தலைமுறைகளாக நடக்கின்றது. மின்தராசு வந்த தோட்டங்களிலும் கழிவு பற்றிய பேச்சு ஓயவில்லை. தாயார் முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்தத் தராசின் முன் நின்றவர். பூச்சிய வழு என்ற சொல்லை அவர் கேட்டதில்லை. அதற்கு விலை கொடுத்தவர் அவர். புள்ளி குறைத்தவர் நாம்.

அன்றே மறுபடி அச்செடுத்தார்கள். இம்முறை வைத்தியர் ஒவ்வொரு தண்டும் அமர்ந்ததா என்று ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தார். பிசின் வேலியை உறையவிட்டு, சன்னமான வட்ட வாளால் தண்டுகளுக்கிடையே அறுத்தார். பிசினின் சுருக்கம் பெரும்பாலும் முதற்சில நிமிடங்களிலேயே நடந்துவிடுமாம். சுருங்கி முடிந்த துண்டுகளை மீண்டும் ஒரு துளிப் பிசினால் ஒட்டினால், இனிச் சுருங்க இருப்பது அந்தத் துளி மட்டுமே. இந்தத் தந்திரத்தைக் கண்டதும் எமக்குக் கைதட்டத் தோன்றியது. வழுவை இல்லாமற் செய்ய முடியாது. அது நிகழும் இடத்தைச் சிறிதாக்க முடியும். எம் பாடப்புத்தகத்தில் இவ்வளவு அழகான உதாரணம் இல்லை.

அறையின் மூலையில் மூக்குக் கண்ணாடிப் பெட்டி அளவில் ஒரு கமராக் கோல் இருந்தது. வாய்க்குள் ஓட்டினால் கணினியில் பல்வரிசை எழும்பும். அச்சு, சாந்து ஒன்றும் வேண்டாம். அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டோம். ஒன்றிரண்டு பதியங்களுக்கு அதையே பயன்படுத்துகிறாராம். பற்களே இல்லாத தாடையில் கமராவுக்கு அடையாளம் பிடிக்க ஒன்றுமில்லை; எச்சிலில் பளபளக்கும் முரசு எல்லா இடமும் ஒன்றுபோல் இருக்கும். சிறு சிறு படங்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போகையில் ஒவ்வோர் ஒட்டிலும் சிறு பிசகு சேரும். ஆண்டுதோறும் இக்கருவிகள் முன்னேறுகின்றன. வேறு விதக் கமராக்களும் வந்துள்ளன. "அடுத்த முறை அம்மாவுக்குச் செய்வதென்றால் இதில் செய்வேனோ தெரியாது" என்று சிரித்தார். அடுத்த முறை என்ற சொல் தாயாருக்குப் பிடிக்கவில்லை.

பத்து நாள் கழித்து இரண்டாவது சாந்து வளைவு வந்தது. முதல் திருகு; இரண்டாவது; மூன்றாவது. நாம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். நான்காவதும் இறுகியது. ஓசையில்லை. பின்னர் உலோகச் சட்டம் வந்தபோது ஒரு முனையில் மட்டும் திருகை இறுக்கிவிட்டு, மறுமுனை பதியத்தை விட்டு எழும்புகிறதா என்று உருப்பெருக்கியால் பார்த்தார். எம்மையும் பார்க்கச் சொன்னார். இடைவெளி எம் கண்ணுக்குத் தெரியவில்லை.

பிளந்த சாந்தை எமக்குத் தர முடியுமா என்று கேட்டு வாங்கி வந்தோம். இப்போது அது பௌதிக ஆய்வுகூடத்தில், திருகுக் கணிச்சிகள் வைக்கும் அலுமாரியில் இருக்கின்றது. மாணவர்கள் அது என்னவென்று கேட்கும்போது சொல்கிறோம். நாம் வைத்தியரிடம் கேட்ட கேள்வியையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒரு மாணவி, "அப்படியானால் உங்களுக்கு எத்தனை புள்ளி குறைப்பது, சேர்?" என்றாள்.

சென்ற விடுமுறைக்குக் கந்தப்பளை போயிருந்தோம். காலையில் பனி விலகவில்லை. தாயார் அடுப்படியில் ரொட்டி தட்டினார். எமக்கு இரண்டு வைத்துவிட்டு, தமக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு எதிரே அமர்ந்தார். ஓரத்தை, முறுகலான பக்கத்தை, கையால் பிய்க்காமல் கடித்தார். சம்பலில் உறைப்புப் போதவில்லை என்றார். ஆண்டுக்கொரு முறை திருகுகளைச் சோதிக்கப் போக வேண்டும். அந்தத் தேதியைச் சுவர்க் கலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அதன் அருகே, கோவா விற்ற கணக்கு.